அத்தையோடு ஒரு மலை



என் அத்தைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கல்யாணமாகிச் சென்னை ஆதம்பாக்கம் வந்த நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த மலை ஒன்றுதான். மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போதும், சாயங்காலம் துணி எடுக்கப் போகும்போதும் எதிரே பரங்கிமலை நிற்கும். ஆனால் ஒரு தடவைகூட ஏறிப் பார்த்ததில்லை. "தினம் பாக்கற மலைதானே, அங்க போய் என்னத்தப் பாக்க?" என்பார். போன மாதம் அவரே போன் செய்து, "ஒருவாட்டி மேல கூட்டிட்டுப் போயேன்டா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம்.

மலை உச்சி வரை கார் போகும். அத்தையை அவர் மகனோடு காரில் அனுப்பிவிட்டு, நான் முன்பக்கப் படிகளில் ஏறினேன். அந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். யாத்திரிகர்கள் சிரமமில்லாமல் மலையேறட்டும் என்று 1726-ல் சொந்தப் பணத்தில் செய்தது. மலைக்கு வருகிறவர்கள் அடையாற்றைக் கடக்க வேண்டுமே என்று சைதாப்பேட்டையில் பாலமும் கட்டினார். இன்றைய மறைமலையடிகள் பாலம் நிற்பது அந்த இடத்தில்தான். அவரை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள்; இதயத்தை மட்டும் பாரசீகத்தில் இருந்த அவருடைய ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பிவைத்தார்கள் என்பது வரலாறு. கால் வலித்து உட்கார்ந்த இடங்களிலெல்லாம் அந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

மேலே இருக்கும் மாதா கோவிலைப் போர்த்துகீசியர் 1523-ல் கட்டினார்கள். புனித தோமையார் உயிர்விட்ட இடம் இது என்பது கிறிஸ்தவர்களின் நெடுநாள் நம்பிக்கை. அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததாகச் சொல்லப்படும் பழைய கற்சிலுவை, பழங்காலப் பாரசீகத்தின் பகலவி எழுத்துகளோடு பீடத்தில் இருக்கிறது. பிருங்கி முனிவர் தவம் செய்த மலை என்று இன்னொரு கதையும் இந்தப் பக்கத்தில் உண்டு. அத்தை மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேராகக் கைப்பிடிச் சுவருக்கு வந்துவிட்டார்.

சுமார் 300 அடி உயரம்தான். ஆனால் சுற்றிலும் தட்டையான பூமி என்பதால் அந்த 300 அடிக்கே ஊர் முழுக்கத் திறந்துவிடுகிறது. கிழக்கே கடல் ஒரு நீலக் கோடு. தெற்கே திரிசூலமும் பல்லாவரத்துக் குன்றுகளும். மேற்கே மீனம்பாக்கம் விமான நிலையம். இறங்க வரும் விமானம் நம் கண்மட்டத்துக்கு வந்து, பிறகு தாழ்ந்து, சக்கரம் தரையைத் தொடுகிற வரை பார்க்கலாம். குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள்.

அத்தை விமானத்தைப் பார்க்கவில்லை. தன் வீட்டைத் தேடினார். ரயில் பாதையைப் பிடித்து, அங்கிருந்து கோவில் கோபுரம், அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி என்று விரலாலேயே நடந்து போனார். வீடு கிடைக்கவில்லை, பக்கத்து அடுக்குமாடி மறைத்துவிட்டது. ஆனால் வேறொன்று கிடைத்தது. "இங்கெல்லாம் ஏரித் தண்ணி நிக்கும்டா. அதோ, அந்தப் பக்கம் வயலு. நடவு நேரத்துல வாசம் நம்ம வீடு வரைக்கும் வரும்." அவர் காட்டிய இடமெல்லாம் எனக்குக் கூரைகளாகத்தான் தெரிந்தது. அவருக்குக் கூரைக்குக் கீழே இருந்தது தெரிந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அத்தை வீட்டு மாடிப்படியில் மூன்றாம் படி வரை தண்ணீர் ஏறியது. இரண்டு நாள் மாடியிலேயே இருந்தவர், "எங்கேருந்துடா வந்துச்சு இவ்வளவு தண்ணி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தச் சுவரருகே நின்றபோது கொஞ்சம் புரிந்தது. அடையாறு வளைந்து வரும் வழி இங்கிருந்து தெரிகிறது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் மேலேயே பாலம் போட்டுப் போகிறது. அந்த வெள்ளத்தில் ஓடுபாதை முங்கி, நிலையத்தையே பல நாள் மூடினார்கள். தெருவில் நிற்கும்போது நமக்குத் தெரிவது நம் வாசல் தண்ணீர் மட்டும்தான். அது எங்கே போக நினைத்தது, யார் மறித்தது என்பது மேலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. வீட்டுமனை வாங்குகிறவர்களும் சாலை போடுகிறவர்களும் கையெழுத்துக்கு முன்னால் ஒரு நாள் இங்கே வந்து நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஊரை இப்படி முழுசாகப் பார்க்கும் வேலைக்கு இந்த மலை புதிதும் அல்ல. உச்சியில் வில்லியம் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. இந்தியாவையே அளந்த பெரும் முக்கோண அளவையைத் தொடங்கியவர் அவர்; அதற்கு அடிக்கோடு இங்கேதான் போட்டார்கள். 1802 ஏப்ரல் 10-ல் தொடங்கி, பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். கையில் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அங்கே ஏற்கப்படாமல் கைமாறி வந்தது அது. சித்திரை வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு நீட்டுக்கும் கணக்குத் திருத்தி அளந்தார்கள். கத்திரியும் சேர்த்து 57 நாள்! இந்த ஒரு கோட்டில் நேரும் சின்னப் பிழையும் முக்கோணத்துக்கு முக்கோணம் தொடர்ந்து போகும் என்பதால் அவ்வளவு பொறுமை. அதே அளவைதான் பின்னாளில் இமயமலை வரை போனது. ராதாநாத் சிக்தரின் கணக்கிலிருந்து 1856-ல் எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். இன்றைய அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் 30 அடி.

இதை அத்தையிடம் சொன்னேன். பெரும்பாக்கம் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெற்கே காட்டினேன். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துவிட்டு, "வெயில்ல சங்கிலி தூக்கினவங்கள்லாம் நம்ம ஊர் ஆளுங்களாத்தான் இருப்பாங்க, இல்ல?" என்றார். சிலை லாம்டனுக்கு மட்டும்தான் இருக்கிறது. அத்தை கேட்டது சரியான கேள்வி.

ஒரு வேண்டுகோள். யானைமலையோ மருதமலையோ, பேர் தெரியாத கரடோ, உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு குன்று இருக்கும். வீட்டில் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். தண்ணீர் பாட்டில், ஒரு விரிப்பு, அவர்களுடைய கண்ணாடி, இவை போதும். எந்த இடத்தில் என்ன இருந்தது என்று அவர்கள் காட்டுவதைக் குறித்து வந்து எங்களுக்கு எழுதுங்கள். இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அத்தை டிசம்பர் 18, மாதா திருவிழாவுக்கு மறுபடி வர வேண்டும் என்கிறார். அன்று படியேறித்தான் வருவாராம்.

அன்புடன்,
ஆசிரியர்