ஓபி வரிசை ஏன் நகரவே மாட்டேங்குது?

1/ அரசு ஆஸ்பத்திரி ஓபி-ல நின்ன எல்லாருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். டாக்டர் ஒரு ஆளை 3 நிமிஷம்தான் பார்க்கிறார். நமக்கு மட்டும் ஏன் ஒரு மணி நேரம் ஆகுது?

2/ இதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்குங்க. 1909-லேயே கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காக எர்லாங் என்பவர் ஆரம்பிச்சு வைத்த கணக்கு.

3/ சராசரியா 3 நிமிஷம்னா மணிக்கு 20 பேரைப் பார்க்கலாம். மணிக்கு 16 பேர் முன்பின்னாக வந்தால், வந்ததிலிருந்து பார்த்து முடிக்க சராசரி 15 நிமிஷம். 18 பேர் வந்தால் 30 நிமிஷம். 19 பேர் வந்தால்? 60 நிமிஷம்! கூட வந்தது 3 பேர்தான். காத்திருப்பு நாலு மடங்கு.

4/ ஆகவே "டாக்டர் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கார்"னு கோபப்படாதீங்க. அந்த இடைவெளிதான் உங்க வரிசையை ஓட வைக்குது. முழு நேரமும் நிரம்பி வழியும் ஓபி திறமையான ஓபி அல்ல. ஆள் போதாத ஓபி.

5/ சரி, இருக்கிறதை நியாயமா பங்கு போடுவது எப்படி? நம்ம திருவண்ணாமலையிலேயே இரண்டு வழியும் இருக்கு. கோயிலுக்குள் தரிசன வரிசை: முன்னாடி இருப்பவர் நகர்ந்தால்தான் நீங்க நகர முடியும். பௌர்ணமி கிரிவலம்: 14 கிலோமீட்டர் பாதையை எல்லாரும் ஒரே நேரத்தில் பகிர்ந்துக்கிறாங்க. கூட்டம் கூடினால் எல்லாருமே மெதுவாகிறாங்க. அன்னைக்கு ராத்திரி செல்போன் நெட்டும் அப்படித்தான்.

6/ பகிர்வு முறையில் சின்ன வேலை சீக்கிரம் முடியும், பெரிய வேலை அதுக்கேத்த நேரம் எடுக்கும். வரிசையில் அப்படி இல்லை. பிரஷர் மாத்திரை மட்டும் வாங்க வந்தவர், 20 நிமிஷம் பரிசோதிக்க வேண்டியவருக்குப் பின்னால் மாட்டிக்குவார்.

7/ ஆனா ஒரு நோயாளியை அரை நிமிஷம் பார்த்துட்டு அடுத்தவருக்குத் தாவ டாக்டரால் முடியாது. அதனால் மாத்திரைக்கு மட்டும் வருபவர்களுக்குத் தனி வரிசை வேணும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. பதிவு பண்ணிக்கோங்க. மணிக்கு 3 பேர் குறைந்தால் என்ன ஆகும்னு மேலே பார்த்தீங்களே!

8/ எமர்ஜென்சியில் சிவப்பு, மஞ்சள், பச்சைனு பிரிக்கிறோம். நெஞ்சுவலிக்காரர் உங்களை முந்தினால் அது அநியாயம் இல்லை. நாளைக்கு அந்த இடத்தில் நீங்க இருக்கலாம்.

9/ அநியாயம் எது தெரியுமா? சிபாரிசு போன். ஒருத்தர் 40 பேரைத் தாண்டி உள்ளே போனால், 40 பேருக்கும் தலா 3 நிமிஷம் கூடுது. மொத்தம் 120 நிமிஷம். காத்திருப்பு எங்கேயும் மறையலை. போன் நம்பர் இல்லாதவர் தலையில் ஏறுது.

10/ ஆகவே வரிசையில் சண்டை போடுவதை விட்டு, காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேளுங்க. நியாயமான பங்கீடு முக்கியம்தான். ஆனா பங்கு போட முதல்ல போதுமான அளவு இருக்கணும்.