வாசலில் காத்திருக்கும் தாய்

மகன் கல்லூரிக்குள் பாடம் கேட்க, தாய் காலை முதல் மாலை வரை வாசலில் காத்திருப்பதை வாசகர்கள் பார்த்ததுண்டா? அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது புதிதல்ல. (முன்பெல்லாம் 'மூளை வளர்ச்சி குன்றியவர்' என்று எழுதி வந்தோம். அந்தச் சொல் தொலைந்தது நல்லதே.) வகுப்பு வேறு அறைக்கு மாறினால் பையன் பழைய அறையிலேயே உட்கார்ந்திருப்பான். கான்டீனில் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதியை வாங்காமல் வந்துவிடுவான். அதனால்தான் தாய் வாசலைவிட்டு நகர்வதில்லை. ஊராயிருந்தால் சித்தியோ அத்தையோ ஒரு நாள் துணைக்குப் போவார்கள். மும்பையில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் நம்மவர்களுக்கு அந்த வசதி ஏது? தாயின் வேலை போகிறது. ஒரே சம்பளத்தில் குடும்பம் தள்ளாடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 5 சதவீத இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் 5 ஆண்டு சலுகை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம், 5 ஆண்டுகளில் 9 வாய்ப்புகளுக்குள், பாடம் பாடமாக எழுதித் தேறலாம். தேர்வில் சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகவும் பெறலாம். எல்லாப் பிள்ளைகளாலும் இது முடியாது. குறைபாடு லேசாக உள்ள சிலரால் முடியும்.

ஆனால் இவையெல்லாம் சேருகிற நாளுக்கும் தேர்வு நாளுக்குமான உதவிகள். நடுவிலுள்ள மற்ற நாட்களுக்கு யார் துணை?

சக மாணவர்தான் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 2008-இல் திருத்தப்பட்ட உயர்கல்விச் சட்டம், இத்தகைய மாணவர்களுக்கென அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளில் சேர்வோருக்கு அரசு நிதியுதவி கிடைக்க வழி செய்தது. அங்கே பல கல்லூரிகளில் மற்ற மாணவர்களே இவர்களுக்குத் துணையாக அமர்த்தப்படுகிறார்கள். காலையில் அன்றைய கால அட்டவணையைச் சேர்ந்து பார்ப்பது, வகுப்பில் பக்கத்தில் உட்காருவது, சேர்ந்து சாப்பிடுவது, இவ்வளவுதான் வேலை. பாடத்தை எழுதிக் கொடுப்பது துணை ஆகாது, அது ஏமாற்று வேலை. "பாவம்" என்று தோளைத் தட்டுவதும் துணை ஆகாது.

இங்கே இதற்குப் புதிதாகப் பணம் தேட வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். தன் வகுப்புத் தோழனுக்குத் துணையிருக்கும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்த்தால் என்ன? மரம் நடுவது போல இதுவும் சேவைதானே! (நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்பது வேறு விஷயம்.)

ஒருவர் தலையில் முழுப் பொறுப்பையும் கட்டக் கூடாது. அவருக்கும் தேர்வு வரும், காய்ச்சல் வரும். ஒரு மாணவருக்கு மூன்று பேர் முறைவைத்துப் பார்த்துக்கொண்டால் யார் படிப்பும் கெடாது. மேற்பார்வைக்கு ஒரு விரிவுரையாளர் வேண்டும். கைமாற்றுக் கேட்பவர்களும், செல்போனில் பணத்தை அனுப்பச் சொல்லி ஏய்ப்பவர்களும் இத்தகைய பிள்ளைகளைத்தான் தேடி வருவார்கள். துணை மாணவருக்கும் அந்தப் பையனுக்கும் இடையே கொடுக்கல் வாங்கலே கூடாது என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும்.

இப்படி வயதொத்தவர்களோடு பழகித்தான் தாதரில் வண்டி மாறவும், வழி தவறினால் கேட்கவும் அவன் கற்றுக்கொள்வான். அரசு வேலையில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலிய பிரிவினருக்கு அதே சட்டம் 1 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது. தனியே ஆபீசுக்குப் போகத் தெரியாதவனுக்கு அந்த ஒரு சதவீதத்தால் என்ன பயன்?

நம் வீட்டுப் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கல்லூரியில் ஆங்கிலமும் மராத்தியும் என்று தடுமாறும் ஒரு தமிழ்ப் பையனுக்கு, தமிழ் பேசும் தோழன் ஒருவன் பக்கத்தில் இருந்தால் பாதிப் பயம் தீரும். ஜூனில் கல்லூரி திறக்குமுன் அந்தந்தப் பகுதித் தமிழ்ச் சங்கங்கள் முதல்வர்களைப் பார்த்து ஒரு மனுக் கொடுக்கலாம். மனு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை.