வாங்கும் வரவு இடாப்பும்

சட்டம் தலைநகரிற் பிறக்கின்றது. அது உயிர்பெறுவதோ கிராமத்துப் பாடசாலையின் வாங்கிலும் வரவு இடாப்பிலுமேயாம். 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம், கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் இந்நாட்டு ஏழைக் குடும்பங்களுக்குக் கிட்டிய பெரும்பேறு. ஆயின், சம்பளம் இல்லாமை ஒன்று, சமவாய்ப்பு வேறொன்று. முன்னையதை அரசு தரலாம். பின்னையதை ஊரார் காவாவிடின் அது நிலைபெறாது.

இதற்கு யாழ்ப்பாணத்து வரலாறே சான்று. தாழ்த்தப்பட்ட குலங்களின் பிள்ளைகள் ஒருகாலத்திற் பள்ளிகளில் நிலத்திலே இருத்தப்பட்டனர். பல பள்ளிகளில் அனுமதியே பெற்றிலர். 1930ஆம் ஆண்டளவில், அரசின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்ற விதி வந்தது. விளைவு யாது? அவ்விதியை ஏற்ற பாடசாலைகள் சில தீக்கிரையாயின. கொளுத்தியவர் அயல்நாட்டார் அல்லர், ஊரவரே. சமத்துவத்தின் பக்கம் துணிந்து நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இளைஞரும் இம்மண்ணின் மைந்தரே.

ஆதலின், ஊர்க் கண்காணிப்பு என்பது ஊரிற் செல்வாக்குள்ளோரின் கண்காணிப்பு என்று பொருள்படலாகாது. பின்வாங்கிலிருக்கும் பிள்ளையின் தந்தையும் தாயும் அச்சமின்றிப் பேசும் இடமாக அது அமைதல் வேண்டும்.

இதற்கான வழி சட்டத்திலேயே உண்டு. 1998ஆம் ஆண்டு தைமாதம் முதல் ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையிலான கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கண்டறிந்து சேர்ப்பிக்க, கிராம அலுவலர் பிரிவுதோறும் வரவுக் குழுக்கள் அமைய வேண்டும் என்பதும் அவ்வொழுங்கு விதிகளின் நோக்கம். நும் ஊரில் அக்குழு கூடுகின்றதா? வாசகர் தாமே வினவி அறிவாராக.

வரவு மட்டும் போதாது. 1ஏபி எனப்படும் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் மட்டுமே. இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். வைத்தியராக விழையும் தோட்டப்புறத்துச் சிறுமியொருத்திக்கு அருகிலுள்ளது இரண்டாம் வகைப் பாடசாலையாயின், அவள் அறிவன்றோ, அவள் பிறந்த இடமன்றோ அவள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது? இவற்றுள் இரண்டாவதே பெரும்பாலும் வெல்கின்றது என்பதே நம் துயரம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்கு நாம் செல்வது விளையாட்டுப் போட்டிக்குப் பணம் சேர்க்க மட்டும் அன்று. மூன்று வினாக்களை அங்கே எழுப்புவோம். கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் ஆசிரியர் உளரா? இவ்வாண்டு இடைவிலகிய பிள்ளைகள் எத்துணைபேர், ஏன்? பணம் கொடாமையால் எப்பிள்ளையேனும் ஒதுக்கப்பட்டதா? விடைகள் அறிக்கையிற் பதியப்படட்டும். வலயக் கல்வி அலுவலகத்திற்கு எழுத்திற் செல்லட்டும். வாய்ச்சொல் காற்றோடு போம். எழுத்து விடை கேட்டு நிற்கும்.

மாணவ நண்பர்களே, நும் பங்கும் உண்டு. நேற்று வாராத தோழன் இன்றும் வாராவிடின், அவன் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். கண்காணிப்பின் முதற்படி அதுவே.