உசுருக்கு ரேட் போட்ட பேராசிரியர்

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பதினோரு வருசமாகக் கடன் விண்ணப்பம் வாங்குகிறவன் நான். கட்ட வக்கு இருக்கிறவனுக்குத்தான் இங்கே மரியாதை. அதை நாங்கள் விஞ்ஞானம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

போன மாசம் நம்ம சேரித் தம்பி ஒருவன் கல்விக் கடனுக்கு வந்தான். லண்டனில் பருவநிலைக் கொள்கை படிக்கப் போகிறானாம். "போய் நல்லா படி" என்றேன். கூடவே ஒரு கதையும் சொன்னேன்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டேவிட் பியர்ஸ் என்றொரு பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார். 2005இல் இறந்தார். 1989இல் பசுமைப் பொருளாதாரம் பற்றி நூல் எழுதி, பிரிட்டிஷ் அமைச்சருக்கு ஆலோசகராகி, ஐ.பி.சி.சி.யின் இரண்டாம் அறிக்கையில் ஓர் அத்தியாயத்துக்குத் தலைமை ஏற்றார். 1995இல் முடிந்த அறிக்கை. பூமி சூடானால் உலகத்துக்கு என்ன நஷ்டம் என்று கணக்கு. சாகப்போகிறவர்களையும் டாலராக்கினார்கள். பணக்கார நாட்டு உயிர் 15 லட்சம் டாலர். ஏழை நாட்டு உயிர் அதில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. இங்கே பத்துப் பேர் செத்தால்தான் அங்கே ஒருத்தர் செத்த கணக்கு!

உயிருக்கு விலை வைக்கவில்லை, சாவு அபாயத்தைக் குறைக்க மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்றுதான் அளந்தோம் என்பது அவர்கள் வாதம். சரி சார். பத்து ரூபாய் வைத்திருப்பவன் பதினோரு ரூபாய்க்கு எப்படித் தயாராவான்? நீங்கள் அளந்தது அவன் உசுரையா, பாக்கெட்டையா? புகை விட்டவன் ஒருவன், மூழ்குகிறவன் இன்னொருவன். மூழ்குகிறவனிடம் "தப்பிக்க என்ன தருவே?" என்று கேட்பதற்குப் பெயர் மாமூல். "உன்னைச் சாகவிட என்ன கேட்பே?" என்று கேட்டிருந்தால் எந்தத் தொகையும் போதாது.

ஏழை உயிரின் ரேட் குறைந்தால் மொத்த நஷ்டமும் குறையும். நஷ்டம் குறைந்தால் புகையைக் குறைப்பது வீண்செலவாகிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

லண்டனில் இதை எதிர்த்துக் கிளம்பிய ஆப்ரி மேயர் ஓர் இசைக்கலைஞர், பொருளாதாரப் பேராசிரியர் அல்ல. இந்திய அமைச்சர் கமல்நாத்தும் 1995இல் நிராகரித்துக் கடிதம் எழுதினார். உயிர்கள் சமமாக மதிக்கப்படவில்லை என்று அறிக்கையின் சுருக்கத்தில் அரசுகள் எழுதவைத்தன. அத்தியாயத்தை மாற்ற பியர்ஸ் மறுத்துவிட்டார்.

உலக சபையில் சமத்துவம் பேசிய அதே இந்தியாவில், சாக்கடைக் குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போடவேண்டியிருந்தது. அதையும் மறக்கவேண்டாம் தோழர்களே.

தம்பி, படி. கணக்கு எழுதுகிற நாற்காலியில் போய் உட்காரு. ஆனால் "எவ்வளவு கொடுப்பே?" என்கிற கேள்வித்தாளோடு நம்ம தெருவுக்குத் திரும்பி வந்துடாதே.