நாற்பது செக்கன் மௌனம்

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. அந்த நாளைக் கனடாவில ஆரும் லேசில மறக்கேலாது. ரொஜர்ஸ் வலையமைப்பு முழுதாகப் படுத்துவிட்டது. அஜின்கோர்ட் தொடக்கம் நாடு முழுக்க 12 மில்லியனுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு இன்ரநெற், செல்போன், வீட்டுப்போன் ஒன்றும் இல்லை. கடைகளில் இன்ரறாக் டெபிட் இல்லை. பலருக்கு 911 கூடக் கிடைக்கவில்லை.

அன்று என்ன நடந்தது என்று விளங்க, முதலில் ரவுட்டர்கள் தங்களுக்குள்ள என்ன கதைக்குது என்று பார்ப்பம்.

தனிய இருக்கிற அம்மாவுக்கு நாங்கள் ஒவ்வொரு நாளும் காலமை போன் எடுக்கிறம். புதினம் ஒன்றும் இராது. அவ போனை எடுத்தால் போதும், சுகமாக இருக்கிறா. ரவுட்டர்களும் இதைத்தான் செய்கின்றன. ஓஎஸ்பிஎஃப் என்ற பரவலான முறையில், பெரும்பாலும் 10 செக்கனுக்கு ஒருக்கால் பக்கத்து ரவுட்டருக்கு ஒரு சின்ன 'ஹலோ' பக்கெற் போகும். 40 செக்கனுக்கு ஒரு ஹலோவும் வராவிட்டால், "அவர் போயிட்டார்" என்று முடிவெடுத்து, அந்தப் பாதையை விட்டுவிட்டு வேறு பாதை தேடும்.

சிக்கல் இதில்தான். பக்கத்து ரவுட்டர் உயிரோடதான் இருக்கும். ஆனால் அதன் ஹலோ, பிள்ளைகள் பார்க்கிற வீடியோக்களுக்குப் பின்னால வரிசையில் நிற்கும். பிந்தினால் செத்ததாகக் கணக்கு. உடனே மற்ற ரவுட்டர்கள் எல்லாம் பாதைகளைத் திரும்பக் கணக்குப் போடும். அந்த வேலைப்பளுவில் இன்னும் கொஞ்ச ஹலோக்கள் பிந்தும். இப்படி ஒன்று விழ ஒன்று விழும்.

அதனால் இந்தப் பக்கெற்றுகளுக்கு முன்னுரிமை அடையாளம் போட்டு, தனி வரிசையில் விடுகிறார்கள். ரவுட்டரின் மூளையான புரொசெசரிடம் வேறு குப்பைகள் அளவுக்கு மீறிப் போகாமல் கட்டுப்பாடு வைக்கிறார்கள். மில்லிசெக்கன் கணக்கில் போகும் பிஎஃப்டி என்ற சோதனையைப் பெரிய ரவுட்டர்களில் புரொசெசரிடம் விடாமல் வன்பொருளே பார்த்துக்கொள்ளும். இன்னொரு சுவையான விசயம்: எல்லா ரவுட்டரும் ஒரே நேரத்தில் கதைத்தால் நெரிசல் வரும். ஒழுங்காகத் திரும்பத் திரும்பப் போகும் செய்திகள் தாமாகவே ஒரே தாளத்துக்கு வந்துவிடும் என்று சாலி ஃபுளொய்டும் வான் ஜேக்கப்சனும் 1993இல் காட்டினார்கள். அதற்கு மருந்து, நேரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் முன்பின்னாக்குவது.

ரொஜர்ஸில் இந்தப் பாதுகாப்பு எதுவும் காப்பாற்றவில்லை. விடிய 5 மணிக்குச் சற்று முன்னர் ஒரு மேம்படுத்தல் வேலையில், பாதைத் தகவல்களை மட்டுப்படுத்தும் வடிகட்டி ஒன்று நீக்கப்பட்டது. தகவல் வெள்ளம் மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்தது. நினைவகமும் புரொசெசரும் தாங்காமல் அவை விழுந்தன. தனி வரிசை இருந்தென்ன, வரிசையைப் பார்க்கிற ஆளே மயங்கி விழுந்தால்? பொறியியலாளர்கள் உள்ளே போய்ப் பார்க்கும் வழியும் அதே மைய வலையமைப்பில் தங்கியிருந்ததால், கோளாறைக் கண்டுபிடிக்கவே மணிக்கணக்கானது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இனித்தான். அன்று செல்போன் கோபுரங்கள் "நான் இருக்கிறன்" என்று சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தன. பின்னால ஒன்றுமில்லை. ஆனால் போன்கள் அந்தக் கோபுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதால், பல 911 அழைப்புகள் வேறு கம்பனியின் கோபுரத்துக்குப் போகவில்லை. சிம்மைக் கழற்றினால் சில போன்களில் 911 போகும் என்பது அன்று பலருக்குத் தெரியாது.

அதே ஆண்டு செப்டெம்பரில், பெரிய கம்பனிகள் அவசர நேரத்தில் ஒன்றுக்கொன்று உதவ உடன்பட்டன. நல்லது. ஆனால் எங்கட வீட்டுக்கு நாங்கள்தான் பொறுப்பு. கணவர், மனைவி, அம்மம்மா மூவரும் ஒரே கம்பனி என்றால், ஒரு போனையாவது வேறு வலையமைப்புக்கு மாற்றுங்கோ. பிராண்ட் பெயர் வேறாக இருந்தால் காணாது. ஃபைடோ, சாற்றர் இரண்டும் ரொஜர்ஸ்தான். இன்ரநெற் பெட்டியில் ஓடுகிற வீட்டுப்போனை மாற்று வழியாக எண்ண வேண்டாம். 911க்கு எந்தப் போனில் எடுப்பது என்பதை அம்மம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கிழமையே சொல்லி வையுங்கோ.