மாப்பிள்ளைச் சம்பா சத்துணவுக் கூடத்துக்கு வரட்டும்

கருப்புக்கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி. ஒரு தலைமுறைக்கு முன்பு வயதான உழவர்கள் சிலரின் நினைவில் மட்டும் தங்கியிருந்த இந்த மரபு நெல் ரகங்களின் பெயர்கள், இன்று சென்னையிலும் கோவையிலும் இயற்கை அங்காடிகளின் அலமாரிகளில் வரிசையாக நிற்கின்றன. இது தானாக நடந்ததல்ல. அரசு ஆராய்ச்சி நிலைய வேலையை உதறிவிட்டு வந்த நம்மாழ்வார் தம் வாழ்நாள் முழுக்க இயற்கை வேளாண்மை பற்றி ஊர் ஊராகப் பேசினார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை வாங்கிப்போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2018-ல் அவர் மறைந்தபோது 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் வயலுக்குத் திரும்பியிருந்தன. அவர்கள் விட்ட இடத்திலிருந்து இன்று இளைஞர்கள் பலர் தொடர்கிறார்கள். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், வேளாண் கல்லூரியில் படித்தவர்கள், அப்பாவின் ஒரு ஏக்கரை விற்க மனமில்லாமல் ஊரிலேயே நின்றுவிட்டவர்கள் என அவர்களில் பல வகையினர் உண்டு. விதை சேகரிக்கிறார்கள், செக்கு வைக்கிறார்கள், வாரச் சந்தை கூட்டுகிறார்கள், வாட்ஸப்பில் ஆர்டர் எடுத்துக் காய்கறி அனுப்புகிறார்கள்.

இந்த உழைப்பை மதிக்கிற எவரும் அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். அந்த அரிசி யார் வீட்டு உலையில் கொதிக்கிறது? ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில், கிலோ நூறு ரூபாயைத் தாண்டும் கருப்புக்கவுனியை வாங்கக் கூடியவர்கள் ஒரு சிறு வட்டம்தான். அந்த நெல்லுக்கு நாற்று நட்டு, களையெடுத்துக் கொடுத்த கூலித் தொழிலாளியின் வீட்டில் அன்றிரவு வேகுவது ரேஷன் அரிசி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேலானோருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40 சதவீதப் பெண்கள் அதிக எடை கொண்டவர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். பட்டினியைப் பெருமளவு வென்ற ஒரு மாநிலத்தில் வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. இந்தக் குறை அங்காடிக்குள் நுழைய முடியாதவர்களிடம்தான் ஆழமாக இருக்கிறது. ஆகவே, இளைஞர்களின் உணவு இயக்கம் இனி அங்காடியை மட்டும் நம்பியிருக்காமல் அரசு அடுப்படிக்குள் நுழைய வேண்டும். ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், காலை உணவு, மாணவர் விடுதி ஆகிய இந்த நான்கு இடங்களில் என்ன வாங்கப்படுகிறது என்பதை மாற்றாமல் நம் உடம்பும் மாறாது, நிலமும் மாறாது.

நிலத்தை ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், வயலில் என்ன விளையும் என்பதை வாங்குகிறவர்தான் தீர்மானிக்கிறார். காவிரி டெல்டாவில் நெல் தவிர வேறு பயிருக்கு உழவர் தயங்குவது பழக்கத்தால் மட்டுமல்ல. நெல்லுக்குத்தான் நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. மூட்டையைக் கொண்டுபோய் இறக்கினால் அரசு விலை நிச்சயம். உளுந்துக்கும் கேழ்வரகுக்கும் அந்த உறுதி அந்த அளவுக்கு இல்லை. இப்படி நெல்லையே நம்பியிருப்பதற்குச் சூழலும் விலை கொடுக்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கும் நெல்வயலின் சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடுகின்றன. உலகின் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவை விளைவித்து, கொண்டுசென்று, சமைத்து, வீணாக்குவது வரையிலான சங்கிலியிலிருந்து வருகிறது. மானாவாரி நிலத்தில் மழையை மட்டும் நம்பி விளையும் சாமைக்கும் வரகுக்கும் நிச்சயமான கொள்முதல் கிடைத்தால், கைவிடப்பட்டுக் கருவேலம் மண்டிய நிலங்கள் மீண்டும் உழவுக்கு வரும். இதைத் தனி நுகர்வோர் பையோடு கடைக்குப் போய்ச் சாதிக்க முடியாது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில், அந்த ஆண்டு மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. உணர்ச்சி உண்மையானதுதான். ஆனாலும் அந்தக் குப்பிகள் கடைகளுக்குத் திரும்பிவிட்டன. மனநிலையை மட்டும் நம்பிய மாற்றம் மனநிலையோடு போய்விடுகிறது.

கொள்முதல் விதியில் எழுதப்பட்ட மாற்றமோ நிலைத்துவிடுகிறது. பிரேசிலில் 2009-ல் வந்த சட்டம் ஒன்று, பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்பப் பண்ணைகளிடமிருந்து பொருள் வாங்கச் செலவிட வேண்டும் என்றது. அதன் பிறகு ஆட்சிகள் பல மாறின; விதி நிலைத்தது. நம் நாட்டிலேயே ஒடிசா 2017-ல் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கி, பழங்குடி உழவர்களிடம் கேழ்வரகைக் கொள்முதல் செய்து ரேஷனில் தந்தது. கியோஞ்சர் மாவட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டு கொடுத்தார்கள். தமிழ்நாடும் இந்தப் பாதையில் கால் வைக்காமல் இல்லை. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்புக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. விதையைக் காக்கப் பணம் ஒதுக்குகிற அரசு, அந்த விதையின் அரிசியைத் தன் பள்ளிகளில் சமைக்கத் தயங்குவது எனக்குப் பெரிய முரணாகப் படுகிறது.

விலை கட்டுப்படியாகாது என்பது முதல் மறுப்பு. நியாயமான மறுப்புதான், கணக்கைப் பார்ப்போம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், கேழ்வரகுக்கு 4,886. பார்த்தவுடன் இரு மடங்கு. ஆனால் நெல்லை அப்படியே உண்ண முடியாது. நூறு கிலோ நெல் அரைத்தால் கிடைக்கும் அரிசி 67 கிலோ அளவில்தான். அப்படியானால் ஒரு குவிண்டால் அரிசியில் அடங்கிய நெல்லின் விலையே 3,500 ரூபாயைத் தாண்டுகிறது, அரவைக்கூலி தனி. கேழ்வரகை ஏறக்குறைய முழுதாகவே மாவாக்கலாம். வித்தியாசம் இரு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. அந்தக் கூடுதல் விலைக்குக் கிடைப்பது என்ன? நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. தீட்டிய வெள்ளரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவில்தான். மரபு நெல் ரகங்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு சுலபமல்ல. அவற்றில் பல நீண்ட நாள் பயிர்கள், உயரமாக வளர்ந்து சாயக்கூடியவை, விளைச்சல் குறைவு. எனவே சிறுதானியத்திலும் பயறிலும் தொடங்கி, மரபு அரிசியை விளைகிற வட்டாரங்களில் மட்டும் வாரம் ஒரு வேளைக்குக் கொண்டுவருவதே நடக்கக்கூடிய வழி.

இன்னொரு மறுப்பு இலங்கையைச் சுட்டுகிறது. 2021-ல் அங்கே ரசாயன உர இறக்குமதியை அரசு திடீரென்று தடை செய்தது. சில மாதங்களிலேயே தளர்த்த நேர்ந்தது. ஆனாலும் அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் விழுந்துவிட்டது. கிளிநொச்சி முதல் அம்பாறை வரை நெல் விதைத்தவர்கள் அந்தக் கொள்கைக்கு விலை கொடுத்தார்கள். இயற்கை வேளாண்மையை நேசிக்கிற இளைஞர்கள் இந்தத் தோல்வியைப் பார்க்காததுபோல் கடந்துபோகக் கூடாது. மண்ணை மீட்க ஆண்டுகள் பிடிக்கும். உத்தரவு போட ஒரு நாள் போதும். ஆந்திரத்தில் 2016-ல் தொடங்கிய இயற்கை வேளாண் திட்டம் மகளிர் குழுக்கள் வழியாக, உழவர் தம் நிலத்தில் சிறு பகுதியில் செய்துபார்த்து விரிவாக்கும் முறையில் வளர்ந்தது. கட்டாயப்படுத்திய வழிக்கும் வாங்கி ஆதரிக்கிற வழிக்கும் உள்ள வேறுபாடு இது. நான் கேட்பது இரண்டாவதை.

பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்கிறார்கள். கேழ்வரகுக் களியைத் தட்டில் போட்டால் எட்டு வயதுக் குழந்தை தள்ளிவைக்கத்தான் செய்யும். அதையே இனிப்புக் கொழுக்கட்டையாகவோ முருங்கைக்கீரை அடையாகவோ கொடுத்தால் நிலைமை வேறு. இங்கே உண்மையான சிக்கல் குழந்தையின் நாக்கு அல்ல, சமைப்பவரின் கை. அடையும் கொழுக்கட்டையும் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியவை. கிராமப் பள்ளிகளில் காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். விடியுமுன்பே அடுப்பு மூட்டுகிறவர்கள். கூடுதல் ஆளும் கூலியும் இல்லாமல் புதுப் பட்டியலை மட்டும் அவர்கள் தலையில் சுமத்தினால், அது ஆரோக்கியத்தின் பெயரால் நடக்கும் சுரண்டல்.

இயக்கத்துக்குள்ளேயும் திருத்திக்கொள்ள வேண்டியவை உண்டு. மரபு அரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று அட்டையில் அச்சிட்டு விற்பதை நிறுத்த வேண்டும். எந்த அரிசியும் மாவுச்சத்துதான். தவிடு நீங்காமல் இருப்பதாலும் அளவாக உண்பதாலும் வருவதே பெரும்பாலான நன்மை. பொய்யான மருத்துவ உரிமைகோரல் ஒன்று போதும், உண்மையைச் சொல்கிறவர்களின் வாயை அடைக்க. அடுத்தது நிலம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்தான், அதுவும் இல்லாத கூலிக் குடும்பங்கள் ஏராளம். சேமிப்போடு நகரத்திலிருந்து திரும்புகிறவருக்கு இரண்டு பருவ நட்டம் ஒரு பாடம். குத்தகைக்கு உழுகிற தலித் இளைஞருக்கு அது ஊரைவிட்டுப் போகும் காரணம். நிச்சயமான அரசுக் கொள்முதல் அதிகம் காப்பாற்றப்போவது இந்த இரண்டாமவரை. நிலம் இல்லாதவர்களுக்கும் இதில் இடமுண்டு. சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றின் உமியை நீக்குவது கடினமான வேலை. விளைகிற ஊரில் இயந்திரம் இல்லாததால் தானியம் தொலைதூர ஆலைக்குப் போய், அரிசியாகி, விலை ஏறித் திரும்புகிறது. ஒன்றியத்துக்கு ஓர் உமிநீக்கும் கூடம் அமைத்து, அதை நடத்தும் பொறுப்பை ஊர் இளைஞர்களின் கூட்டுறவுக்குத் தரலாம்.

தொடங்குவதற்குத் தலைமைச் செயலகம் வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் அடங்கிய மேலாண்மைக் குழு இருக்கிறது. நம் பள்ளியின் உணவில் வாரம் இரண்டு நாள் நம் ஒன்றியத்தில் விளைந்த தானியம் இருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை எழுத ஒரு பக்கம் போதும். அதோடு இணைக்க வேண்டிய விவரங்கள் சில உண்டு. எந்தெந்த ஊரில் எத்தனை ஏக்கரில் அது விளைகிறது, ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு மாதம் எத்தனை கிலோ தேவை, உமி நீக்க எங்கே போக வேண்டும், சமைப்பவர்களுக்குக் கூடுதலாக எவ்வளவு கூலி ஆகும். இந்த நான்கு கணக்கையும் வீடு வீடாகப் போய் எடுத்து வர, ஊரின் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேருக்கு ஒரு கோடை விடுமுறை போதும்.