அம்மாவுக்கு ஏன் தாகமே எடுக்கல?

ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைந்திருந்ததால் குடும்பத்தோடு கொல்லிமலை போய் வந்தோம். ஆகாய கங்கை அருவி, மிளகுத் தோட்டம் என்று படம் காட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போய்ச் சேர்ந்த அந்த முதல் நாள்தான் மனசில் நிற்கிறது. அதனால் இது பயணக் கட்டுரை இல்லை மக்களே. பாதி புலம்பல், பாதி அட்வைஸ்.

இஞ்சினியர் ஆச்சே, டூருக்கும் எக்செல் ஷீட் போட்டேன். சென்னையில் காலை 4:30க்குக் கிளம்பி திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், ராசிபுரம் வழியாக மதியத்துக்குள் அடிவாரமான காரவள்ளி. டீசல், டோல், டிபன் எல்லாத்துக்கும் தனித்தனி வரிசை. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் வரிசை இல்லை. அது அப்போ எனக்குத் தோணவே இல்லை.

அம்மா 3 மணிக்கே எழுந்து புளியோதரை கட்டிட்டாங்க. வழியில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு புளியமரம் போதும், ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிஞ்சுது. டிபன் சாப்பிட்ட ஓட்டலில் அம்மாவும் அக்காவும் பின்பக்கம் போன வேகத்தில் திரும்பி வந்தாங்க. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணி இல்லை. "பரவால்லடா, காட்டேஜ்ல போய் பாத்துக்கலாம்"னாங்க அம்மா. அப்புறம் மூணு தடவை பாட்டிலை நீட்டினேன். மூணு தடவையும் "தாகம் இல்லப்பா". நானும் நம்பிட்டேன்!

காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறுவதற்குள் அம்மாவுக்குத் தலைசுற்றல், வாந்தி. "பித்தம்"னு சொல்லி அப்பா எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்தார். அக்காதான் மெதுவாகச் சொன்னா: "பித்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலைல குடிச்ச காபியோட சரி. தண்ணி குடிச்சா நீ எங்க நிறுத்துவே? நானும்தான் குடிக்கல."

காட்டேஜ் சூப்பர். ஓட்டு வீடு, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, தாழ்வாரம் வரை வரும் மேகம். நாங்க எல்லாரும் போனைத் தூக்கிட்டு ஓடினோம். அம்மா அங்கே இருந்த பையனிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, பாத்ரூம் எங்கப்பா?" வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணியை நின்னபடியே குடிச்சு முடிச்சாங்க. அதைப் பார்த்த எனக்கு மேகமாவது மண்ணாவது.

"கேட்டா நிறுத்த மாட்டோமா?" என்று நீங்க கேட்கலாம். நானும் அக்காவிடம் அதையேதான் கேட்டேன். கேட்கணும் என்பதுதான் சார் பிரச்சினையே. ஐந்து பேர் வண்டியில் தன்னால் லேட் ஆகுதுன்னு பேர் வாங்க எந்த அம்மாவும் விரும்ப மாட்டாங்க. போதாததுக்கு "இப்பத்தானே நிறுத்துனோம்"னு ஒரு குரல் வேறு. தண்ணி குடிக்காமல், அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் தலைவலியோடு போகாது, சிறுநீர்த் தொற்று வரைக்கும் கொண்டு போய் விடும்.

நல்ல கழிப்பறை கட்டிப் பராமரிக்க வேண்டியது நெடுஞ்சாலைக்காரர்கள், ஓட்டல்காரர்கள் பொறுப்பு. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. பெட்ரோல் பங்கில் வாடிக்கையாளருக்குக் கழிப்பறையும் குடிநீரும் இலவசம், கூச்சப்படாமல் சாவி கேளுங்க. ஆனால் அதெல்லாம் சரியாகும் வரை ஸ்டியரிங் நம்ம கையில்தானே இருக்கு? பிளான் போடும்போது பார்க்க வேண்டிய இடங்களுக்கு முன்னாடி நிறுத்த வேண்டிய இடங்களைக் குறிச்சு வைங்க. யாரும் கேட்காமலேயே நிறுத்துங்க.

திரும்பி வரும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சுத்தமான இடமாகப் பார்த்து நிறுத்தினேன். வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் லேட். உளுந்தூர்பேட்டை தாண்டினதும் அம்மா தானாகவே சொன்னாங்க: "ஒரு டீ குடிக்கலாமாடா?"

எனக்கு அந்த டூரில் பிடிச்ச இடம் அந்த டீக்கடைதான்.